இரண்டு செக்கனும் இரண்டு நிமிடமும்

வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்ஸுக்கு இருக்கை பதிய ஒரு செயலி வேண்டும் என்று கொழும்பு மென்பொருள் நிறுவனம் ஒன்றிடம் கேட்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். ‘பயணி தன் இருக்கையைத் தெரிவுசெய்யலாம்’ என்ற வரி, செயலி என்ன செய்யும் என்று சொல்கிறது. ‘இருக்கைப் படம் 2 செக்கனுக்குள் திறக்க வேண்டும்’, ‘அடையாள அட்டை இலக்கம் நடத்துநருக்குத் தெரியக் கூடாது’ என்பவை, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்பவை. செயல்சாராத் தேவைகள் என்பது இவற்றைத்தான். முதலாவது வேகம், அடுத்தது பாதுகாப்பு.

தேவைகளை எழுதிய நூறு பக்க ஆவணத்தில் இந்த வரிகள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். பாதுகாப்பைப் பார்ப்பவர் கண்ணில் அந்த வரி கடைசிக் கிழமைதான் பட்டதென்றால், கட்டியதைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

கணினியை வைத்து இந்த வரிகளை வகை பிரிக்க 2006 அளவில் மென்பொருள் ஆய்வாளர் ஜேன் கிளீலண்ட்-ஹுவாங் குழுவினர் ஒரு வழி சொன்னார்கள். மனிதர்கள் முன்பே வகை குறித்த வாக்கியங்களை எடுத்து, எந்தச் சொல் எந்த வகையில் அதிகம் வருகிறது என்று பார்த்து அதற்கு ஒரு எடை கொடுப்பது. புது வாக்கியம் வந்தால் அதன் சொற்களின் எடையைக் கூட்டிப் பார்ப்பது. அவ்வளவுதான்.

சரி, இந்த வரியைப் பாருங்கள்: ‘அறுபது வயதுக்காரரும் 2 நிமிடத்துக்குள் இருக்கை பதிந்துவிட வேண்டும்’. ‘நிமிடத்துக்குள்’ என்பதைக் கண்டதும் சொல் எண்ணும் கருவி வேகம் என்றுவிடும். ஆனால் இங்கே அளப்பது கணினியின் வேகத்தை அல்ல, மனிதருக்கு அது எவ்வளவு எளிது என்பதை. 2018இல் கூகுள் வெளியிட்ட பெர்ட் போன்ற, கணினிக்கான மொழி மாதிரிகள் ஒரு சொல்லை அக்கம்பக்கத்துச் சொற்களோடு சேர்த்தே படிப்பதால் இங்கே தடுமாறுவது குறைவு. ஆவணம் தமிழில் இருந்தால் இன்னொரு சிக்கல்: பயணி, பயணிக்கு, பயணியால் எல்லாம் எண்ணும் கருவிக்கு வெவ்வேறு சொற்கள். பெர்ட் சொல்லைத் துண்டாக்கிப் படிப்பதால் ஓரளவு தப்பிக்கும்.

ஆனால் பயிற்சித் தரவு, அதாவது கருவி படித்துப் பழக வகை குறித்து வைத்த வாக்கியங்கள், மெலிந்தது. பலரும் பயன்படுத்தும் பிராமிஸ் என்ற தேவை வாக்கியத் தொகுப்பில் 15 திட்டங்களிலிருந்து எடுத்த 625 வாக்கியங்கள்தான். எழுதியவர்கள் சிகாகோவின் டிபால் பல்கலைக்கழக முதுநிலை மாணவர்கள். அதில் 370 செயல்சாராதவை. மென்பொருள் வேறு வகைக் கணினிகளிலும் ஓட வேண்டும் என்ற வகைக்கு இருப்பதோ ஒரே ஒரு வாக்கியம். ஒன்றை வைத்து எந்த இயந்திரம் என்னத்தைப் படிக்கும்?

அப்புறம், ‘மூன்று முறை கடவுச்சொல் பிழைத்தால் கணக்கைப் பூட்டு’ என்பது செயலா, பாதுகாப்பா? இரண்டும்தான். ஒரு வரிக்கு ஒரே வகை என்று அடம்பிடிக்காமல், ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே மதிப்பெண் போடவைத்து, இழுபறியாக நிற்பவற்றை மட்டும் ஆளிடம் அனுப்புவதே நல்லது. என்னைக் கேட்டால், பிரித்து அடுக்குவதை விடப் பெரிய பயன் வெற்றிடம் தெரிவது: வேகத்துக்கு இருபது வரி இருக்கும், பஸ் புறப்படும் நேரத்தில் செயலி படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒன்றுகூட இருக்காது.