புரோட்டோகால்: வெட்டி எடுக்கக் கூடாத முதல் தாள்

மருத்துவக் கட்டுரைகளில் 'புரோட்டோகால்' என்று வந்தால் 'நெறிமுறை' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அகராதிப்படி சரிதான். ஆனால் முறைசார் மீளாய்வில், அதாவது ஒரு கேள்விக்காக இதுவரை நடந்த சோதனைகளை எல்லாம் தேடித் திரட்டி மதிப்பிடும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூவில், இந்தச் சொல்லின் பொருள் ரொம்பக் கறாரானது. எங்கே தேடுவோம், எந்தச் சோதனையைச் சேர்ப்போம், எதை விடுவோம், எந்த விளைவை முதன்மையாக எடுத்துக்கொள்வோம் என்பதையெல்லாம் வேலை தொடங்கும் முன்பே எழுதி வைக்கும் திட்டம்தான் அது.

சொல்லின் வேர் கிரேக்கம். 'புரோட்டோஸ்' என்றால் முதல், 'கொல்லா' என்றால் பசை. பப்பைரஸ் என்னும் பழங்கால நாணல் தாள் சுருளின் தொடக்கத்தில் ஒட்டப்பட்ட முதல் தாளுக்கு அந்தப் பெயர். கருவூல அதிகாரியின் பெயரும் தாள் செய்யப்பட்ட காலமும் அதில் இருக்கும். கி.பி. 537-இல் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் போட்ட சட்டம் ஒன்று, கான்ஸ்டான்டினோபிளில் பத்திரம் எழுதுபவர்கள் அந்தத் தாளை வெட்டி எடுக்கக் கூடாது என்கிறது. போலிப் பத்திரங்களைக் கண்டுபிடிக்க அது உதவியதுதான் காரணம். பிறகு லத்தீன், பிரெஞ்சு வழியாக அரசுமுறைப் பேச்சுவார்த்தைப் பதிவு, ராஜதந்திர மரபு, ஆய்வுத் திட்டம், கணினிகள் பேசிக்கொள்ளும் விதி என்று சொல் எங்கெங்கோ போய்விட்டது. ஆனாலும் மருத்துவ மீளாய்வில்தான் அந்தப் பழைய வேலையை இன்னும் செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது: எது எப்போது எழுதப்பட்டது என்பதற்குச் சாட்சி.

ஏன் சாட்சி வேண்டும்? முதுகுவலிக்கு உடற்பயிற்சி உதவுமா என்று ஒரு குழு மீளாய்வு செய்வதாக வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து வலி எவ்வளவு குறைந்தது என்பதே முதன்மை விளைவு என்று திட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். சோதனைகளைத் திரட்டிப் பார்த்தால் ஆறு மாதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆறு வாரத்தில் நன்றாகத் தெரிகிறது. கட்டுரை வெளிவரும்போது ஆறு வாரம் முதன்மை விளைவாகிவிடுகிறது, ஆறு மாதம் எங்கோ பின்னிணைப்புக்குப் போய்விடுகிறது. எண்களில் ஒரு பொய்யும் இல்லை, ஆனால் படிக்கிற மருத்துவருக்குக் கிடைப்பது வேறு செய்தி. திட்டம் பொதுவெளியில் இல்லையென்றால் இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அதற்காகத் திட்டத்தை மாற்றவே கூடாது என்றில்லை. தேடிய பிறகுதான் சில சிக்கல்கள் தெரியவரும், அப்போது மாற்றுவதுதான் நேர்மை. என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகம் 2011-இல் தொடங்கிய புராஸ்பெரோ பதிவேட்டில் திட்டத்தைப் பதியலாம், பிறகு செய்யும் மாற்றங்களும் தேதியோடு பதிவாகும். மருத்துவ மீளாய்வுகளைத் தயாரித்து வெளியிடும் காக்ரேன் அமைப்பு திட்டத்தை முன்கூட்டியே வெளியிட்டுவிடும். மீளாய்வுக் கட்டுரையில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வகுத்துத் தரும் பிரிஸ்மா 2020 பட்டியலின் 27 அம்சங்களில் 24-ஆவது இதற்கென்றே இருக்கிறது: பதிவு விவரம், திட்டம் கிடைக்கும் இடம், செய்த திருத்தங்களும் அவற்றின் விளக்கமும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நெறிமுறை' கணினித் துறையில் நிலைத்துவிட்டது, போதாததற்கு ஆய்வு அறம் பற்றிப் பேசும்போதும் அதே சொல் வருகிறது. 'வரைவு' என்றால் இன்னும் முடிவாகாதது என்று தோன்றும். நான் 'ஆய்வு முன்திட்டம்' என்பேன், 'முன்' என்பதை விட்டுவிட்டால் சொல்லின் உயிரே போய்விடும். அப்புறம், அறிவித்துச் செய்யும் மாற்றம் 'திருத்தம்', எழுதியதை விட்டு நடைமுறையில் விலகிப்போவது 'விலகல்'. இரண்டையும் 'மாற்றம்' என்று ஒன்றாக்கிவிடக் கூடாது. காக்ரேன் மீளாய்வுகளில் திட்டத்திலிருந்து எங்கே மாறினார்கள் என்று சொல்லும் பகுதிக்கு 'முன்திட்டத்துக்கும் மீளாய்வுக்கும் உள்ள வேறுபாடுகள்' என்று தலைப்பிட்டால் போதும், யாருக்கும் புரியும். முடிவுரைக்குப் போகும் முன் அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.