பாராலிம்பிக்: 'மாற்றுத்திறனாளிகள் ஒலிம்பிக்' என்பது ஏன் பிழை?

2024 ஜூனில் வெளிவந்த 'சந்து சாம்பியன்' என்ற இந்திப் படத்தைப் பற்றித் தமிழில் எழுதியவர்களில் பலர், அதன் நாயகரான முரளிகாந்த் பெட்கரை 'மாற்றுத்திறனாளிகள் ஒலிம்பிக்கில் முதல் தங்கம் வென்ற இந்தியர்' என்றே அறிமுகப்படுத்தினர். படம் ஏமாற்றமளித்தது. மல்யுத்தம், குத்துச்சண்டை, 1965ஆம் ஆண்டுப் போர் என்று சுற்றிவிட்டு நீச்சல் குளத்தை வந்தடைவதற்குள் கதை களைத்துப் போகிறது. எந்த விளையாட்டுக்காக அவரை நாம் நினைக்கிறோமோ, அது பின்னிணைப்பைப் போலக் கடைசியில் தொங்குகிறது. ஆயினும் படத்தை விட அதிகமாக உறுத்தியது, அதைப் பாராட்டியவர்களும் பழித்தவர்களும் ஒருமனதாகக் கையாண்ட அந்தத் தொடர்தான்.

'பாராலிம்பிக்' என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முதுகுத்தண்டில் காயம்பட்ட படைவீரர்களுக்கு மருத்துவம் பார்த்த லுட்விக் குட்மன், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29 அன்றே 16 பேரைக் கொண்டு ஒரு வில்வித்தைப் போட்டியை நடத்தினார். இடுப்புக்குக் கீழ் செயலிழந்த நிலைக்கு மருத்துவர்கள் வழங்கும் 'பாராப்ளீஜியா' என்ற பெயரின் தலையையும் ஒலிம்பிக்கின் உடலையும் ஒட்டியதில் பாராலிம்பிக் பிறந்தது. வேறு வகை உடற்குறை உடையவர்களும் பிற்காலத்தில் சேர்ந்துகொண்டதால், 'பாரா' என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள 'பக்கத்தில், உடன்' என்ற பொருளே இப்போது அதிகாரபூர்வ விளக்கமாக நிற்கிறது. ஒலிம்பிக்கின் பக்கத்தில், அதற்கு இணையாக நடப்பது என்பது கருத்து.

இந்தக் கருத்தில் 'மாற்றுத்திறனாளிகள்' எங்கிருந்து வந்து அமர்ந்தார்கள்? பெயரில் இல்லாத ஒன்றை விளக்கத்துக்காகச் சேர்த்ததாகச் சொல்வார்கள். விளக்கமாகவாவது அது சரியாக இருக்கிறதா என்று பார்த்தால், அதுவும் இல்லை. செவித்திறன் குறைந்தவர்களுக்கென 1924இல் பாரிசில் தொடங்கிய போட்டிகள் இன்று டெஃப்லிம்பிக் எனப்படுகின்றன. அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்காக யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் தொடங்கிய சிறப்பு ஒலிம்பிக், 1968இல் சிகாகோவில் முதன்முதலாக நடந்தது. இவை இரண்டும் பாராலிம்பிக்கிலிருந்து வேறானவை. தனி அமைப்பும் தனி விதிகளும் கொண்டவை. மூன்றிலும் பங்கேற்பவர்களைத் தமிழ்நாட்டு அரசு வழக்கு 'மாற்றுத்திறனாளிகள்' என்றே குறிக்கும். அப்படியானால் 'மாற்றுத்திறனாளிகள் ஒலிம்பிக்' என்று எழுதுபவர் இம்மூன்றில் எதைச் சொல்கிறார் என்பதை வாசகர் எப்படி அறிவார்? செய்தியின் தலைப்பில் தொடங்கும் இந்தக் குழப்பம், சிறப்பு ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற பிள்ளையைப் 'பாராலிம்பிக் வீரர்' என்று அடுத்த பத்தியில் எழுதுவது வரை போய்விடுகிறது.

பெட்கரைப் பொறுத்தவரை இத்தொடர் இன்னும் பொருந்தாது. அவர் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் தங்கம் வென்ற 1972 ஹைடல்பர்க் போட்டிகள், முதுகுத்தண்டுக் காயத்தால் செயலிழந்தவர்களுக்கு உரியனவாகவே அந்நாளில் இருந்தன. கை கால் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும் பதக்கப் போட்டிகளில் இடம்பெற்றது 1976இல் டொராண்டோவில்தான். எல்லா மாற்றுத்திறனாளிகளுக்குமான ஒலிம்பிக் என்று 1972ஐ வருணிப்பது, அன்று வாசலுக்கு வெளியே நின்றவர்களை உள்ளே இருந்தவர்களாகக் காட்டும் வரலாற்றுப் பிழையாகும்.

'மாற்றுத்திறன்' என்ற சொல்லின் மீதே எனக்கு ஐயம் உண்டு. 'ஊனம்' என்ற வடசொல் குறைவையே குறிப்பதாலும், ஏச்சாகப் பழகிவிட்டதாலும், அதை விலக்கியது நியாயமே. கருணாநிதி ஆட்சிக்காலத்தில் அரசு வழக்கில் நிலைபெற்ற புதிய சொல்லை மக்கள் மனமுவந்து ஏற்றுக்கொண்டதும் உண்மை. துறையின் பெயரிலும் சான்றிதழிலும் அது இருக்கட்டும். விளையாட்டுக் களத்தில் மட்டும் அது பொருளை வளைக்கிறது. ஹைடல்பர்க்கில் பெட்கர் 37.33 வினாடிகளில் நீந்தி முடித்தது எந்த மாற்றுத் திறனாலும் அன்று, நீச்சல் திறனால். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டியதும் உயரம் தாண்டும் திறனேயன்றி வேறில்லை. பத்தரை மாற்றுத் தங்கம் என்று பொன்னுக்குச் சொல்லும் 'மாற்று' இங்கே பொருந்தியிருந்தால் மகிழ்ந்திருப்பேன். இதுவோ ஒன்றுக்குப் பதிலாக வைக்கும் மாற்று. இந்தியில் 2015க்குப் பிறகு பரப்பப்பட்ட 'திவ்யாங்' என்ற சொல் உடற்குறையைத் தெய்விகமாக்கி இன்னும் ஒரு படி மேலே போனது. அதைத் தமிழில் 'தெய்வ உறுப்பினர்' என்று யாரும் பெயர்க்காதவரை நாம் தப்பித்தோம்.

ஆகவே பாராலிம்பிக்குக்குத் தமிழ்ப்பெயராக 'இணை ஒலிம்பிக்' என்பதையே நான் ஏற்கிறேன். இணைகோடு என்னும்போது உள்ள உடன்செல்லும் பொருளும், இணையற்ற என்னும்போது உள்ள நிகர் என்ற பொருளும் அதில் ஒருங்கே கிடைக்கின்றன. 'இணை இயக்குநர்' என்றால் இயக்குநருக்குக் கீழே உள்ளவர் ஆயிற்றே, அதுபோல் இதுவும் தாழ்ந்ததாகிவிடாதா என்று கேட்கலாம். அலுவலகப் பெயர்ப்பலகை செய்த கேடு அது. தாழ்வைச் சொல்லத் தமிழில் 'துணை' இருக்கிறது. இன்னொரு மறுப்பு வலுவானது. 1968இல் ஒலிம்பிக் மெக்சிகோவிலும் இப்போட்டிகள் டெல் அவிவிலும் நடந்தன. 1972இல் மியூனிக் இருக்க ஹைடல்பர்க்குக்கு அனுப்பப்பட்டன. 1980இல் மாஸ்கோ ஏற்காததால் நெதர்லாந்தின் ஆர்னெமில் நடத்த வேண்டியதாயிற்று. அக்காலத்தில் இணை எங்கே இருந்தது? ஒரே நகரம், ஒரே அரங்கு என்ற வழக்கம் 1988இல் சியோலில்தான் நிலைபெற்றது. ஆனால் இந்தக் குற்றச்சாட்டு கிரேக்கப் 'பாரா'வுக்கும் பொருந்தும் என்பதால், தமிழ்ச்சொல்லை மட்டும் அதற்காகத் தள்ள இயலாது.

'பாரா'வை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரு சொல். 'பாராலிம்பிக்' என்று முழுதாக எழுதினால் எனக்குத் தடையில்லை. தமிழர் காதுக்கு அது பழகிவிட்டது. 'பாரா வீரர்', 'பாரா அணி' என்று தலையை மட்டும் வெட்டி வைப்பதைத்தான் தாங்க முடியவில்லை. தமிழில் பாரா என்பது பார்க்காத என்று பொருள்படும். பாராமுகம் நமக்குத் தெரிந்த சொல். போதாக்குறைக்கு, காவல்நிலையத்தில் 'பாரா' என்பது காவல் முறை, படையில் அது வான்குடை வீரர்களின் பிரிவு. பெட்கர் படைவீரராகவும் இருந்தவர். அவரைப் 'பாரா வீரர்' என்று எழுதினால் வானிலிருந்து குதித்தவர் என்று ஒரு வாசகர் எண்ணினால் குற்றம் வாசகருடையது அன்று. 'இணை ஒலிம்பிக் வீரர்' என்று எழுத ஒரு சொல்லுக்கான இடம் கூடுதலாக வேண்டும். பெட்கராக நடித்தவரின் உடலமைப்பு மாறிய கதைக்கு அரைப் பக்கம் ஒதுக்கிய இதழ்களுக்கு அந்த இடம் கிடைக்காமலா போய்விடும்?