17/2 எங்கிருந்து வந்தது?

2025 ஆகஸ்டில் ஒருநாள், ஒன்பதாம் வகுப்பு வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். இரு மாறிகளில் நேரியல் சமன்பாடுகள். நான் நடத்தியிருந்தது பிரதியிடல் முறையும் நீக்கல் முறையும். ஆறு நோட்டுகளில் மட்டும் அணிக்கோவை போட்டு, ஒரு குறிகூடப் பிசகாமல், கிராமர் விதிப்படி விடை கண்டிருந்தார்கள். கிராமர் விதி பன்னிரண்டாம் வகுப்புப் பாடம்.

போனில் கணக்கைப் படம் பிடித்தால் படிப்படியாகச் செய்து தரும் செயலிகள் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கோபம் வந்தது. ஆறு பேரையும் நிற்கவைத்துத் திட்டினேன். "இனிமே போன்ல பார்த்து எழுதினா நோட்டைத் திருத்தவே மாட்டேன்" என்றேன். அடுத்த வாரம் கிராமர் காணாமல் போனார். "பிரதியிடல் முறையில் செய்" என்று செயலியிடம் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஆறு பேரில் ஒரு பெண், கேட்டபோது தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அம்மா பனியன் கம்பெனில இருந்து வர ராத்திரி பத்து மணி ஆயிருங்க சார். அதுக்குள்ள சந்தேகம் வந்தா யாருகிட்டங்க சார் கேக்கறது?" என்னிடம் பதில் இல்லை. டியூஷனுக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு எப்போதும் கிடைத்துவந்த ஒன்று அவளுக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

ஆனால் திருத்துகிறவனுக்கு ஒரு நஷ்டம். முன்பெல்லாம் நோட்டைப் பார்த்தாலே பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். இப்போது நோட்டு எதையும் சொல்வதில்லை. அதனால் வகுப்பின் முதல் பத்து நிமிடத்தைக் கரும்பலகைக்கு ஒதுக்கினேன். நோட்டில்லாமல் வந்து ஒரு கணக்கைப் போட வேண்டும். தப்பாகப் போட்டால் உட்காரச் சொல்ல மாட்டேன், கடைசிவரை போகவிடுவேன்.

அப்படி வந்த ஒரு பையனுக்கு விடை 3 வரவேண்டிய இடத்தில் 17/2 வந்தது. பிரதியிட்டதெல்லாம் சரி. ஒன்றின் கீழே 2, மற்றதன் கீழே 3 என்று இரண்டு பின்னங்களைக் கூட்டும் இடத்தில், மேலே இருந்ததை மேலே கூட்டி, கீழே இருந்ததைக் கீழே கூட்டி 5 என்று போட்டுவிட்டான். "அரை தோசையும் மூணுல ஒரு பங்கு தோசையும் சேர்த்தா எவ்வளவு?" என்றேன். "2/5 சார்." "அது அரையைவிடப் பெருசா, சின்னதா?" யோசித்துவிட்டுச் சிரித்தான். வகுப்பில் பாதிப் பேர் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் அதே சந்தேகம்.

இந்தப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பை முடிக்கும்போது, 2020 மார்ச்சில், பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1. அப்போது இவர்கள் ஐந்தாம் வகுப்பு. நான்காம் வகுப்பு முழுசும் கல்வித் தொலைக்காட்சியிலும், போன் இருந்த வீடுகளில் வாட்ஸ்அப்பிலும் கழிந்தது. நீள் வகுத்தலும் பின்னமும் காலூன்ற வேண்டிய வயது அது. பிறகு மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் சொல்லித்தரும் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் வந்து கொஞ்சம் தாங்கியது. ஆனாலும் அந்த ஓட்டையின் மேலேயே ஒவ்வொரு வகுப்பாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். செயலிக்கு இந்தக் கதை தெரியாது. பையனே போய் "எனக்குப் பின்னம் வராது" என்று சொன்னால்தான் அது பின்னம் சொல்லித்தரும். தனக்கு வராதது பின்னம் என்று அவனுக்கே தெரியாதபோது எப்படிச் சொல்வான்?

ஆக, விடை சொல்வது இனி என் வேலையில் சின்னப் பகுதிதான். 17/2 எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பதுதான் பெரிய பகுதி. பாட அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு மூன்று நாள் பின்னம் நடத்தினேன். இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று சக ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். வருகைப்பதிவும் விவரப் பதிவேற்றமுமாக, கல்வித்துறையின் இணையப் பதிவேடான எமிஸ் தின்னும் நேரம் எங்களுக்குத்தான் தெரியும். டிஜிட்டல் யுகம் ஆசிரியருக்கு முதலில் கொண்டுவந்து கொடுத்தது குமாஸ்தா வேலையை.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். நம் புத்தகத்தில் 'பகா எண்' என்று இருப்பதைச் சில செயலிகள் 'முதன்மை எண்' என்கின்றன. இலங்கைப் புத்தகங்களில் அதுதான் சொல். தவறில்லை. ஆனால் நம் பிள்ளை அது வேறு ஏதோ புது எண் என்று நினைத்துக்கொள்கிறது. 2018இல் வந்த புதிய புத்தகங்களில் கியூஆர் கோடு உண்டு, அதை ஸ்கேன் செய்தால் நம் பாடச் சொற்களிலேயே காணொலி கிடைக்கும். செயலியிடம் போகும்முன் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு இரண்டு விஷயம். போனைப் பிடுங்க வேண்டாம். கணக்கு முடிந்ததும் போனையும் நோட்டையும் மூடச்சொல்லி, "எப்படிச் செஞ்சே, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை எங்கே திக்குகிறதோ அந்த இடத்தை மறுநாள் எங்களிடம் கேட்கச் சொன்னால் போதும். இன்னொன்று, படம் பிடிக்கும்போது பெயரும் பள்ளி பெயரும் உள்ள பக்கம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்குட்பட்டவர் குழந்தைதான், அவர்கள் விவரங்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். ஆசிரியர்களும் யோசிக்கலாம். வகுப்பு மதிப்பெண் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஆள்தான் நானும். ஒரு தாய் தனியாக அழைத்து வருத்தப்பட்ட பிறகு நிறுத்தினேன்.

இப்போது என் வகுப்பில் செயலியைப் பார்த்து எழுதத் தடையில்லை. ஒரே நிபந்தனை: எந்த வரி எப்படி வந்தது என்று புரியவில்லையோ, அதன் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் கேள்விக்குறி போட வேண்டும். முதல் வாரம் யாரும் போடவில்லை. திட்டு விழும் என்ற பயம், போன தடவை வாங்கியது நினைவிருக்குமே. இரண்டாவது வாரம் பனியன் கம்பெனியிலிருந்து அம்மா இரவு பத்து மணிக்கு வரும் அந்தப் பெண் ஒரே பக்கத்தில் நான்கு போட்டாள். நான்கில் மூன்று, பின்னம் வரும் வரிகளில்.