14 டிக், ஒரே மை

பிசியோதெரபிக்கு வருகிறவர்களிடம் வீட்டில் செய்ய ஒரு பயிற்சித் தாள் கொடுத்தனுப்புவேன். 14 கட்டங்கள். செய்த நாளில் ஒரு டிக். இரண்டு வாரம் கழித்துத் தாள் திரும்பி வரும்போது நான் முதலில் பார்ப்பது மையைத்தான். பதினான்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம் என்றால், அத்தனையும் வெளியே காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து போட்டவை.

ஆரம்பத்தில் கோபம் வரும். "தோள் உங்களுது, வலி உங்களுது, எனக்கா செய்யறீங்க?" என்று அதட்டியும் இருக்கிறேன். ஒருநாள் என் வீட்டுக் கதவுப் பிடியில் தொங்கிய எலாஸ்டிக் பட்டை கண்ணில் பட்டது. என் முதுகுக்காக நானே மாட்டியது. மாட்டி மாதக்கணக்காகிவிட்டது, அதன் மேல் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதோடு அதட்டுவதை விட்டுவிட்டேன்.

இப்போது "செஞ்சீங்களா?" என்று கேட்பதில்லை. "எந்த நாள் விட்டுப்போச்சு?" என்றுதான் கேட்கிறேன். முதல் கேள்விக்கு "செஞ்சேன் சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டாவதற்கு விஷயம் வெளியே வரும். கேட்டுக் கேட்டு எனக்குப் பிடிபட்டது இது: விட்டுப்போன நாளன்று யாரும் பயிற்சியைக் கைவிடுவதில்லை. புதன்கிழமை காய்ச்சல், செய்யவில்லை. அதில் தப்பில்லை. வியாழக்கிழமைதான், "அதான் கெட்டுப்போச்சே, திங்கட்கிழமையிலேர்ந்து ஒழுங்கா ஆரம்பிச்சுக்கலாம்" என்று மனசு சொல்லும். அப்படித் தள்ளிப்போட்ட திங்கட்கிழமைகளில் பாதிகூட வந்து சேர்வதில்லை.

இதோடு ஒரு 21 நாள் கணக்கு வேறு. "21 நாள் செஞ்சா பழகிடும்னாங்க. எனக்கு மட்டும் ஏன் பழகலை?" என்று முகம் வாடிக் கேட்பவர்கள் நிறைய. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர் 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பியது இந்த எண். சிகிச்சைக்குப் பிறகு கண்ணாடியில் தெரியும் புது முகம் பழக ஒருவருக்குக் குறைந்தது 21 நாள் போல ஆகிறது என்பது அவர் கவனித்தது. வாய்மாறி வாய்மாறி வந்ததில் 'குறைந்தது' உதிர்ந்துவிட்டது, முகமும் உதிர்ந்துவிட்டது.

உட்கார்ந்து அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவும். 2010இல் அச்சான அந்த ஆய்வில் 96 பேர். ஆளுக்கொரு புதுப் பழக்கம், 84 நாள் கண்காணிப்பு. யோசிக்காமலே கை போகிற அளவுக்கு அது ஊற, நடுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசமோ மலைக்கும் மடுவுக்கும்: ஒருவருக்கு 18 நாள் போதும், இன்னொருவருக்கு, அந்த 84 நாள் போக்கை நீட்டிப் போட்ட கணக்குப்படி, 254 நாள். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கத்தைவிட உடற்பயிற்சி ஊறத்தான் அதிக நாள் பிடித்தது. நான் எல்லோரிடமும் தவறாமல் சொல்வது அந்த ஆய்வின் இன்னொரு முடிவை: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் பெரிதாகப் பின்தங்கவில்லை. அதாவது, புதன்கிழமையால் எதுவும் குடிமுழுகவில்லை.

ஓர் ஆசிரியை வந்தார். ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் மூட்டு இறுகி வலிப்பது; வலது தோள். கரும்பலகையின் மேல் வரியில் மறுபடி எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. சுவரைப் பார்த்து நின்று விரல்களைச் சிலந்தி போல மேலே ஏற்றும் பயிற்சி கொடுத்தேன், பத்துப் பத்தாக மூன்று சுற்று. "ராத்திரி எல்லா வேலையும் முடிச்சிட்டு செஞ்சுடறேன் சார்." எல்லா வேலையும் முடிகிற ராத்திரி எந்த வீட்டில் இருக்கிறது? இரண்டு வாரத்தில் தாள் வந்தது. ஒரே மை.

இரண்டே இரண்டு மாற்றம் செய்தோம். ஒன்று, நேரம். கடிகாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'பல் துலக்கி பிரஷை வைத்ததும் பக்கத்துச் சுவரில் விரலை வைப்பேன்' என்று எழுதச் சொன்னேன். 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது பலன் தரும் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலேயே ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். இரண்டாவது, அளவு. முடியாத நாளுக்கென்று ஓர் அளவு: மூன்று முறை, அவ்வளவுதான். "மூணு தடவை செஞ்சா தோள் சரியாகிடுமா?" என்று கேட்டார். ஆகாது. மறுநாள் அந்தச் சுவர் முன்னால் நிற்க வைக்கும், அதற்குத்தான்.

விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடும் தேதியும் போடச் சொல்லியிருந்தேன். ஒரு மாதம் கழித்துப் போனில் அந்தச் சுவரின் படத்தைக் காட்டினார். கோடுகள் ஏணிப்படி மாதிரி ஏறவில்லை. 9ஆம் தேதிக் கோடு 6ஆம் தேதிக் கோட்டுக்குக் கீழே இருந்தது. தோள் அப்படித்தான்; ஒருநாள் விட்டுக்கொடுக்கும், மறுநாள் முறைத்துக்கொள்ளும். அன்றன்றைய கோட்டைப் பார்த்தால் சோர்வுதான் வரும். அடிக் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. (பயிற்சிக்குப் பிறகு வலி தணியாமல் ஏறிக்கொண்டே போனால் மட்டும் நிறுத்திவிட்டுச் சிகிச்சை தருபவரைக் கேளுங்கள். அதில் வீம்பு வேண்டாம்.)

இந்தத் தோள் நோய் முழுசாக இளக மாதங்கள், சிலருக்கு ஒன்றிரண்டு வருடங்களே ஆகும். அவர் இன்னும் கரும்பலகையின் மேல் வரிக்குப் போகவில்லை. இரண்டாவது வரி எட்டுகிறது.

என் பயிற்சித் தாளையும் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு நாள் கட்டத்துக்கும் பக்கத்தில் 'முடியாத நாள்' என்று ஒரு சின்னக் கட்டம். போன வாரம் திரும்பி வந்த ஒரு தாளில் அதில் ஐந்து டிக். ஒன்று நீல மை, இரண்டு கறுப்பு, ஒன்று பென்சில். ஐந்தாவது சிவப்பு ஸ்கெட்ச் பேனா. வீட்டில் குழந்தை இருக்கும் போல.