ஊட்டி, கொடைக்கானல் இ-பாஸ்: கணக்கு வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போவதாக இருந்தால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-இல் தொடங்கிய ஏற்பாடு இது. கட்டணம் எதுவும் இல்லை. பாஸ் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

தமிழ்நாடு மின்னாளுமை முகமையின் இ-பாஸ் தளத்தில் செல்போன் எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியைப் போட்டால் படிவம் திறக்கும். வண்டி எண், எத்தனை பேர், என்றைக்கு வந்து என்றைக்குத் திரும்புகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்பார்கள், அவ்வளவுதான். கியூஆர் கோடோடு பாஸ் வந்துவிடும். அதை வீட்டிலேயே எடுத்து ஸ்கிரீன்ஷாட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடி இருக்கும் கல்லாறில் வண்டியை நிறுத்திவிட்டு சிக்னல் தேடினால் பின்னால் நிற்பவர்களின் ஹாரன்தான் கேட்கும்.

முதல் வருஷம் கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ் கிடைத்தது. எத்தனை வண்டி வருகிறது என்று தெரிந்துகொள்வதுதான் அப்போது நோக்கம். 2025 கோடைக்கு நீதிமன்றம் உச்சவரம்பு வைத்தது: ஏப்ரல் 1 முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கடைக்காரர்களும் லாட்ஜ்காரர்களும் கொதித்துப் போனார்கள். அந்த ஏப்ரல் 2-ஆம் தேதி நீலகிரியில் கடையடைப்பே நடந்தது. சீசனில் இரண்டு மாதம் சம்பாதித்து வருஷத்தை ஓட்டுகிறவர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏற குன்னூர் சாலை, கோத்தகிரி சாலை என்று இரண்டே வழிதான். அகலப்படுத்தலாம் என்று மலையை வெட்டினால் மழைக்கு மண் சரிகிறது. கல்லாறு, பர்லியாறு பக்கம் யானைகள் கடப்பதும் இதே சாலையைத்தான். வண்டி வரிசை நீண்டால் அவை காட்டுக்குள்ளேயே காத்து நிற்க வேண்டும். மலை எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடும் வேலையை நீதிமன்றம் சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் கொடுத்திருக்கிறது.

இந்த முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. வரம்பு வண்டிக்குத்தான். ஒற்றை ஆள் வரும் காரும் பன்னிரண்டு பேர் வரும் வேனும் இதில் ஒன்றுதான். அதே சமயம் அரசுப் பேருந்திலோ மலை ரயிலிலோ வந்தால் பாஸே வேண்டாம். வார இறுதிக்குப் பாஸ் கிடைக்கவில்லை என்றால் காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டுப் பஸ் ஏறலாம். டிஎன் 43 பதிவெண் உள்ள நீலகிரி வண்டிகளுக்கும், விளைபொருளும் அத்தியாவசியச் சரக்கும் ஏற்றி வரும் வண்டிகளுக்கும் உச்சவரம்பு பொருந்தாது.

அறை பிடிக்கும்போதும் கொஞ்சம் விசாரியுங்கள். மலைநகரங்களில் கட்டடம் 7 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று 1993-லிருந்தே விதி இருக்கிறது. வீடு என்று அனுமதி வாங்கி லாட்ஜ் நடத்திய கட்டடங்களுக்குக் கொடைக்கானலில் சீல் வைத்ததும் உண்டு. உரிமம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முன்பணம் அனுப்புங்கள்.

அப்புறம், பிளாஸ்டிக். சாவடியில் பாஸோடு பையையும் பார்ப்பார்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டில் இருந்தால் கொடைக்கானலில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. நீலகிரியில் பாட்டிலையே வாங்கி வைத்துக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோனால் நீலகிரியில் ஆங்காங்கே இருக்கும் தண்ணீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.