எரிந்த காட்டில் துளிரின் நுனியைப் பாருங்கள்

பெருந்தீக்குப் பிறகு இரண்டாவது வருஷம் அந்த மலைச்சரிவுக்குப் போகிறவர்கள் நிம்மதியாகத் திரும்புகிறார்கள். கரிக்கட்டைகளுக்கு நடுவே எங்கு பார்த்தாலும் பச்சை. "காடு திரும்பிடுச்சு" என்கிறார்கள். எரிந்த காடுகளில் கன்றுகளைக் கணக்கெடுப்பது என் வேலை. அந்தப் பச்சையைக் கண்டால் எனக்கும் மனம் குளிரும். அப்புறம் குனிந்து துளிர்களின் நுனியைப் பார்ப்பேன்.

நுனி நிறையச் சொல்லும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. தளிரைக் கவ்விப் பிய்க்கும், அதனால் கடிவாய் நைந்து நார் நாராக நிற்கும். முயல் கடித்தது கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் இருக்கும். நுனி போன துளிர் பக்கவாட்டில் கிளைக்கும். வருஷா வருஷம் கடிபட்டால் அடி மட்டும் பருத்து, முழங்கால் உயரத்திலேயே புதராக நின்றுவிடும். நேற்று முளைத்ததுபோலத் தெரிகிற அதற்குப் பத்து வயதுகூட இருக்கலாம். விலங்கின் வாய்க்கு எட்டாத உயரத்துக்கு நுனி போனால்தான் அது மரமாகும். எல்க் போன்ற பெரிய மான்கள் இருக்கும் காட்டில் அதற்கு இரண்டு மீட்டராவது வளர வேண்டும்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1988இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தீ பரவியது. முன்பு ஆஸ்பென் மரமே இல்லாத இடங்களில்கூட ஆஸ்பென் விதைகள் முளைத்தன. ஆனால் எல்க் கூட்டம் மிகுந்த வடபகுதியில் துளிர்கள் தலைதூக்க முடியவில்லை. 1995, 1996இல் கனடாவிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு எல்க் குறைந்தது, சில இடங்களில் ஆஸ்பென் உயரத் தொடங்கியது. ஓநாய் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கரடி, வேட்டை, வறட்சி எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

தீயின் பரப்பும் முக்கியம். சின்ன இடம் எரிந்தால் சுற்றுவட்டாரத்து விலங்குகள் எல்லாம் இளந்தளிருக்காக அங்கே திரண்டுவிடும். ஆயிரக்கணக்கான ஹெக்டேர் எரிந்தால் தின்னும் வாய்களைவிடத் துளிர்கள் அதிகம், அதனால் கொஞ்சம் தப்பிப் பிழைக்கும்.

இன்னொரு காவல், எரிந்து விழுந்த மரங்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் கட்டைகளைத் தாண்டிப் போக மான் யோசிக்கும். அந்த இடுக்குகளில் துளிர்கள் நிம்மதியாக வளரும். தீ அணைந்த கையோடு லாரி கொண்டுவந்து அத்தனையையும் வழித்தெடுப்பதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. சாலையோரத்தில் ஆபத்தாக நிற்பவற்றை வெட்டுங்கள், சரி. உள்ளே கிடப்பவை கிடக்கட்டும்.

கன்று நடப் பணம் ஒதுக்குகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். முதலில் ஒரு சிறு இடத்துக்கு உயரமாக வேலி போடுங்கள். மூன்றாவது வருஷம் உள்ளேயும் வெளியேயும் அளந்து பாருங்கள். மண்ணும் மழையும் தீயும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். உள்ளே இடுப்புயரம், வெளியே கணுக்கால் உயரம் என்றால் இன்னும் ஆயிரம் கன்று வாங்கிப் பயனில்லை. வளர்ப்பு ஆடுமாடுகள் அங்கே மேய்கின்றன என்றால், அவற்றைச் சில வருஷம் விலக்கி வைப்பதுதான் முதல் வேலை.