"சும்மா யோசனைதான் மிஸ்"

கிளிநொச்சிப் பக்கத்தில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வந்த இளையவர்கள் மிகக் குறைவு. தலையிடி, நெஞ்சடைப்பு, நித்திரையில்லை என்றுதான் வருவார்கள். ஓ.பி.டி.யில் பனடோல் வாங்கி, ஈ.சி.ஜி. எடுத்து, "ஒண்டுமில்லை" என்று கேட்டு அலுத்த பிறகு யாரோ எங்களிடம் அனுப்பியிருப்பார்கள். என்ன பிரச்சினை என்றால், "சும்மா யோசனைதான் மிஸ்."

அந்த யோசனைக்குள் ஏ.எல். பெறுபேறு இருக்கும், லீசிங் மோட்டார் சைக்கிள் இருக்கும், வெளிநாடு போகக் கட்டிய காசு இருக்கும். இவர்களில் பலருக்கு, போர் முடிந்த 2009 இல் நாலைந்து வயது. "அவனுக்கு அப்ப ஒண்டும் தெரியாது" என்பார்கள் தாய்மார். காணாமல்போன தகப்பனுக்காக இன்றும் காத்திருக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்?

வீட்டில் கிடைக்கும் மருந்து ஒன்றே ஒன்று: "யோசிக்காதை." காய்ச்சல்காரனிடம் "காயாதை" என்று சொல்வோமா?

ஒரு தம்பி (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) சொந்த ஊர் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, பஸ் ஏறி எங்களிடம் வந்தார். அங்கே துண்டு எழுதுபவர் சொந்தக்காரர். "விசர்க் கிளினிக்குக்குப் போறான்" என்று கதை வந்தால் அக்காவின் கலியாணம் குழம்பிவிடும் என்று தாய்க்குப் பயம். அந்தப் பயத்தை நான் குறைசொல்லமாட்டேன், ஊர் அப்படித்தான். டொக்டர் தந்த குளிசையை ஒரு கிழமை போட்டுவிட்டு, சரிவரவில்லை என்று நிறுத்தியிருந்தார். மனச்சோர்வுக் குளிசைகள் வேலை செய்யச் சில கிழமைகள் எடுக்கும், நினைத்தபடி நிறுத்தவும் கூடாது. இதை அவருக்கு ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை.

"சாகவேணும் போல இருக்கா?" என்று நேராகக் கேட்டேன். தாய் திடுக்கிட்டார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தம்பி அழுதார், அப்புறம்தான் கதைத்தார். தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றச் சொன்னேன். கடும் நஞ்சுள்ள பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்ட பிறகு இலங்கையில் தற்கொலைகள் பெருமளவு குறைந்தன. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர் தப்பும்.

ஆஸ்பத்திரிக்கு வரத் தயக்கமென்றால் 1926 க்கு எடுக்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணிநேரமும் இயங்கும், தமிழிலும் கதைக்கலாம். உயிராபத்தென்றால் 1990 அம்புலன்ஸ், காசில்லை.

அடுத்த முறை அந்தத் தாய் சொன்னார்: "இப்ப யோசிக்காதை எண்டு சொல்லுறேல்லை மிஸ். என்ன யோசிக்கிறாய் எண்டு கேக்கிறன். சிலநேரம் பேசாமல் இருப்பான். நானும் பக்கத்தில இருப்பன். பிறகு தேத்தண்ணி ஊத்துவன்."